கண் படாத குதிரை

தத்தமங்கலம் குதிரையோட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மயில்சாமியின் குதிரைக்குக் கழுத்தெல்லாம் கட்டி.

"எதுத்தூட்டுக்காரன் கண்ணுங்க. போன வருசம் நாம செயிச்சதுல இருந்தே அவனுக்கு வயித்தெரிச்சல்," என்றார்.

மாட்டு டாக்டர் ஸ்ரீஜா கட்டியைத் தடவிப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் இல்லைங்க. மாட்டுக்கு மரு வரவைக்கிற வைரஸ் இது. ஈ மூலமா குதிரைக்குத் தொத்தினா இப்படிக் கட்டியாகும். இந்த வருசம் ஓட விடாதீங்க. எதிர்வீட்டில் மாடு உண்டா?"

"அவனுக்கு ஏதுங்க மாடு?"

"பின்னே எங்கிருந்து வந்தது?"

மயில்சாமியின் மனைவி சரசாதான் சொன்னாள்.

"அவன் கண்ணு படக்கூடாதுன்னு ஆறு மாசமா மாட்டுக் கொட்டாயிலதான் ஒளிச்சு வெச்சிருக்கறாருங்க. எங்க மாடுகளைத் தவிர ஒருத்தர் கண்ணுலயும் காட்டலைங்க."