ஒருவர் எழும்பி நின்றால்

"ஞானசேகரம் அண்ணை, உங்கட கணக்குப் பிழை."

எழுதி அனுப்பிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைக்கூடப் பிரிக்காமல் காத்திருந்தாள் கஜந்தி. ஓர்ஸ் ஹில்லில் அவள் வேலை செய்யும் கந்தோரில் மற்றவர்கள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

'பௌதிகக் கூட்டாளிகள்' என்ற அந்த வட்ஸ்அப் குழுவில் நூற்றுச் சொச்சம் பேர். ஆளாளுக்குக் கேள்வி போடுவார்கள், அடிபட்டுப் பிடிபட்டு விடை காண்பார்கள். மயிரிழையில் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்ட கஜந்தி மிச்சப் பௌதிகத்தை எல்லாம் படித்தது இங்கேதான். அதிலும் ஞானசேகரத்தை ஒருநாளாவது மடக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் படகு எஞ்சின் திருத்துகிற அந்த மனிதர் இதுவரை ஒரு கணக்கிலும் வழுக்கியதில்லை.

இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டார்.

கேள்வியைப் போட்டவர் சுலோஜனா என்ற புதியவர். ஒரு சின்னப் படகு. நீளம், அகலம், பாரம், அலையின் உயரம் எல்லாம் ஒன்றுவிடாமல் கொடுத்திருந்தார். உள்ளே ஆறு பெரியவர்கள், ஒரு குழந்தை. ஒருவர் எழும்பி நின்றதால்தான் படகு கவிழ்ந்ததா, அல்லது எல்லாரும் உட்கார்ந்தே இருந்திருந்தாலும் கவிழ்ந்திருக்குமா?

"எல்லாரும் இருந்திருந்தாலும் கவிழும்" என்று முதல் ஆளாக விடை எழுதியிருந்தார் ஞானசேகரம்.

"எங்க பிழை?" என்று இப்போது கேட்டார்.

"ஆக்கள் இருக்கிற பலகை ஒரு அடி உயரம் எண்டு கேள்வியிலேயே கிடக்கு. நீங்கள் மூண்டடி எண்டு போட்டிருக்கிறியள். பாரம் மேல போகப் போகப் படகு பிரளத்தானே செய்யும்?"

"சில படகில அப்பிடியும் பலகை அடிப்பினம்."

"சல்லியில மூண்டடிப் பலகையோட ஒரு படகு காட்டுங்கோ, நான் பஸ் பிடிச்சு வந்து பாக்கிறன்."

"எனக்கு என்ர விடை சரியாத்தான் கிடக்கு."

கஜந்திக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தென்ன, தோற்றால் ஒத்துக்கொள்ளத் தெரியாத ஆள்.

குழுவில் எப்போதும் வாலாட்டிக்கொண்டிருக்கிற சுகிர்தன் தூபம் போட்டான். "விடாதேங்கோ அக்கா. முழுசாச் செய்து போடுங்கோ."

போட்டாள். பத்தே நிமிடத்தில் படம் கீறி, வரிவரியாகச் செய்து அனுப்பினாள். எல்லாரும் இருந்திருந்தால் படகு அந்த அலையைத் தாண்டியிருக்கும். ஒருவர் எழும்பியதால்தான் கவிழ்ந்தது. விடைக்குக் கீழே இரண்டு கோடும் அடித்திருந்தாள்.

கைதட்டல்கள் குவிந்தன. பார்சலைப் பிரிக்கப் போனபோது போன் அடித்தது. ஞானசேகரம். அவருடைய குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தரம்.

"தங்கச்சி, போட்டதை அழியுங்கோ."

"ஏன் அண்ணை? பிழை ஆருக்கும் வாறதுதானே. ஒத்துக்கொண்டா என்ன குறைஞ்சு போவியள்?"

"கேள்வியில அந்தப் பிள்ளையின்ர நிறை என்னெண்டு பாருங்கோ."

பார்த்தாள். "பதினொன்று தசம் நாலு கிலோ."

"நாங்கள் படிச்ச புத்தகத்தில ஆக்கள் எல்லாரும் அறுபது கிலோ. பதினொன்று தசம் நாலு எண்டு ஆர் போடுவினம்? அது பிள்ளையின்ர கிளினிக் அட்டையில எழுதியிருக்கிற நிறை."

கஜந்தி கேள்வியை மறுபடியும் மேலிருந்து வாசித்தாள்.

"போன மாசம் பிரண்ட படகு அது. எஞ்சினைக் கழுவ என்னட்டத்தான் கொண்டு வந்தவை. பிள்ளை தண்ணிப்பக்கம் சரிஞ்சதாம், பிடிக்கத் தாய் எழும்பினதாம். மற்ற எல்லாரும் தப்பிட்டினம். பிள்ளையைத்தான் காப்பாத்த ஏலாமப் போச்சு."

"அப்ப நீங்கள்..."

"தெரிஞ்சுதான் மூண்டடி போட்டனான். நீங்கள் செய்ததில ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. அதுதான் பிரச்சினை."

சுலோஜனா மகளைப் பறிகொடுத்தவளா, மகனைப் பறிகொடுத்தவளா என்றுகூடத் தெரியாது. அவளுக்கு முன்னால்தான் கஜந்தி இவ்வளவு நேரமும் துள்ளியிருக்கிறாள். தன்னை நினைக்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

அழிப்பதற்குள் சுலோஜனாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

"கஜந்தி, அப்ப அந்த ஆள் எழும்பாமல் இருந்திருந்தா ஒண்டும் நடந்திருக்காது. அப்பிடித்தானே?"

நூறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஜந்தி இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் அழித்தாள். பிறகு அனுப்பினாள்.

"இல்லை அக்கா. நான்தான் பிழை விட்டிட்டன். அலையின்ர உயரத்தைக் குறைச்சுப் போட்டிட்டன். ஞானசேகரம் அண்ணை சொன்னதுதான் சரி. எல்லாரும் இருந்திருந்தாலும் அது கவிண்டுதான் இருக்கும்."

சுகிர்தன் பல்லைக் காட்டிச் சிரிக்கிற முகங்களை வரிசையாக அடுக்கினான். "என்னக்கா, இதுக்கோ இவ்வளவு துள்ளினனீங்கள்?"

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சுலோஜனா எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. கடைசியில் செய்தி வந்தது.

"நான் கணக்கு ரீச்சர், தங்கச்சி. எனக்கும் உங்கட முதல் விடைதான் வந்தது. எங்கையாவது நான் பிழை விட்டிருப்பனோ எண்டுதான் உங்களிட்டக் கேட்டனான்."