கப்பல் ஏற அறுபது வயசு

கைத்தடியை ஊன்றி, படிக்கு ஒரு தரம் இருமிக்கொண்டு ஏறி வந்த அய்யாதுரையைப் பார்த்ததும், டிராவல்ஸ் நடத்தும் தருண்குமார் நாற்காலியை விட்டுப் பதறி எழுந்தான்.

“என்ன அண்ணாச்சி, போன மாசம் பாத்தப்ப நல்லாத்தான இருந்தீக?”

“வயசாயிருச்சுல்ல தம்பி” என்று முனகியபடி உட்கார்ந்தார் அய்யாதுரை. கூட வந்த அவர் மனைவி சுப்புத்தாய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விருதுநகர் பஜாரில் உள்ள அவருடைய மண்டியில், அன்று காலையில்தான் ஒரு வத்தல் மூடையைத் தனியாளாகப் புரட்டிப் போட்டிருந்தார் மனிதர்.

நரைத்த தலைக்கும் காரணம் இருந்தது. மூன்று வாரமாக அவர் மை போடவில்லை. யார் வீட்டுத் துக்கமோ என்று மண்டி ஆட்கள் தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். துக்கம் இல்லை, தள்ளுபடி.

சிங்கப்பூரில் கிளம்பி நாலு நாள் கடலைச் சுற்றி வரும் கப்பல். அறையில் தங்கும் இருவரில் ஒருவருக்கு அறுபது நிறைந்திருந்தால், மற்றவருக்குப் பாதிக் கட்டணம். அந்தச் சலுகை அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அய்யாதுரைக்கு வயது ஐம்பத்தெட்டு.

முழுக் கட்டணமும் கொடுக்க அவரால் முடியும், மனசுதான் வராது. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. இப்படித்தான் அந்தமான் கைநழுவிப் போயிற்று. அதற்கு முன்னால் காசி. இந்தத் தடவையும் வீட்டை விட்டு இறங்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: “தள்ளுபடி இல்லைன்னா கப்பல் இல்ல.”

சுப்புத்தாயோ கப்பல் படம் போட்ட விளம்பரத் தாளை மடித்தும் பிரித்தும் மடிப்பே கிழிந்துபோகிற அளவுக்கு வைத்திருந்தாள். சாத்தூரில் இருக்கும் தங்கச்சியிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

“அந்தக் கப்பல் சலுகைக்கா? ரெண்டு பேர்ல யாருக்கு அண்ணாச்சி அறுபது?”

“இதென்ன கேள்வி? எனக்குத்தான். இவ என்னையவிட ரெண்டு வயசு எளையவ. அப்பிடிப் பாத்துத்தான எங்க ஆத்தா கட்டிவச்சா! தலையப் பாரு, ஒரு நரை உண்டா?”

“கறிவேப்பிலை எண்ணெ” என்றாள் சுப்புத்தாய், முந்தானையைச் சரிசெய்துகொண்டு.

“வயசுக்கு ஆதாரம் வேணுமே அண்ணாச்சி.”

இதற்காகவே காத்திருந்தவர்போல, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு நோட்டை எடுத்து வைத்தார் அய்யாதுரை. ஜாதகம். போன வாரம்தான் ஜோசியர் நல்லசிவம் இரண்டு வயதைக் கூட்டிப் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தார். “கல்யாணத்துக்காக வயசக் கொறச்சு எழுதச் சொல்லி எங்க அப்பா காலத்துலேருந்து ஆள் வாராக. கூட்டி எழுதச் சொன்ன மொத ஆளு நீங்கதான்” என்று அவர் சிரித்ததை அய்யாதுரை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தருண்குமார் நோட்டைப் புரட்டினான், முகர்ந்தும் பார்த்தான். “பேனா மை வாசம் இன்னும் போகலையே?”

“அம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தேம்லே.”

“கப்பக்காரன் ஜாதகம் பாக்க மாட்டான் அண்ணாச்சி. பாஸ்போர்ட்டக் குடுங்க.”

சுப்புத்தாயின் கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. அவள் அவருடையதை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். தன்னுடையதை, அது தபாலில் வந்த நாளிலிருந்து பீரோவில் பூட்டி வைத்திருந்தவள் அவள். போட்டோவில் மூக்கு பெரிசாக விழுந்துவிட்டதாம். யாருக்கும் காட்ட மாட்டாள்.

“இதுல அம்பத்தெட்டுதான ஆகுது?”

“அது பள்ளிக்கூடத்து வாத்தியாரு கொறச்சுப் போட்டது! ஜாதகம் பொய் சொல்லுமாலே?”

“அது என்னமும் சொல்லட்டும். சலுகை கெடையாது அண்ணாச்சி.”

அய்யாதுரை விருட்டென்று எழுந்தார். இருமல் நின்றுபோயிற்று. கைத்தடியை மேசையோரமே மறந்துவிட்டு, நாலே எட்டில் வாசலுக்குப் போய்விட்டார்.

“எந்திரி சுப்பு, போவோம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. “முழு ரூவாயும் குடுத்துத்தான் போவோமே. இன்னும் எந்த வயசுல நான் கடலப் பாக்க?”

“நீ சின்னப்பிள்ள, சும்மா இரு. ஒனக்கு வெவரம் பத்தாது.”

முப்பத்தாறு வருடமாக வீட்டில் எந்தப் பேச்சையும் அவர் இப்படித்தான் முடித்து வந்தார். சுப்புத்தாயும் வாயை மூடிக்கொள்வாள்.

இன்றும் மூடிக்கொண்டாள். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைக் கப்பல் படத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தாக இன்னும் பத்து நிமிடம். கைப்பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து, மேசைமேல் தருண்குமார் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அவன் திறந்து பார்த்தான். அவளைப் பார்த்தான். வாசலில் நிற்கிறவரைப் பார்த்தான். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, மளமளவென்று கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தான்.

“ஏலே, என்னத்தலே தட்டுற? யாரு பேருல போடுற?” என்று பாய்ந்து வந்தார் அய்யாதுரை.

சுப்புத்தாய் அந்தக் கைத்தடியை எடுத்துத் தன் நாற்காலியோரம் சாய்த்துக்கொண்டாள்.

“நீங்க சின்னப்பிள்ள, சும்மா இருங்க. எனக்கு அறுபத்தொண்ணு.”