சிப்பாய் பார்த்த காடுகள்

காட்டு பங்களாவில் சிப்பாய் என்றொரு நாய் இருந்தது. கம்பி வேலியைத் தாண்டி அது போனதே இல்லை. ஊர் ஊராகக் காடு சுற்றுகிறவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, வேலிக்கு வெளியே மேய வரும் மானிடம் தானே போய் வந்ததுபோலச் சொல்லும்.

"இமயமலைக் காட்டில் நடந்தால் முழங்கால்வரை பனி. பாலைவனத்தில் உள்ளங்கால் வெந்துவிடும். நம் காடெல்லாம் எந்த மூலைக்கு!"

கேட்டது போதாதென்று ஒருநாள் தானாகவும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. "இந்த மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை இருக்கிறது. சித்திரை வெயிலிலும் வற்றாது."

அந்தக் கோடையில் குட்டைகள் எல்லாம் காய்ந்துபோயின. மான் தன் குட்டியைக் கூட்டிக்கொண்டு மலையேறியது. நான்காம் நாள் தனியாகத் திரும்பி வந்தது.

"குட்டி எங்கே?" என்று கேட்டது சிப்பாய்.

"வழியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை" என்றது மான். "அந்தப் பக்கம் வெறும் பாறைதான் அண்ணே. நீங்கள் போனபோது ஓடை ஓடியிருக்கும், இந்த வருஷம் வற்றிவிட்டது போல. இத்தனை காடு பார்த்தவர் நீங்கள். வேறு இடம் ஏதாவது சொல்லுங்கள்."

சிப்பாய் தலை குனிந்தது. "நான் எங்கேயும் போனதில்லை அம்மா" என்றது. தன் தண்ணீர்த் தட்டை மூக்கால் வேலிக்கடியில் தள்ளியது.

மான் தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போயிற்று. அது போன பிறகும் சிப்பாய் தலையைத் தூக்கவில்லை.