அழுதுட்டுப் போங்க, சார்

மனபாரத்தோடு வருகிறவர்களுக்கு ரயில் ஸ்டேஷன் கதவு திறக்காது. யாரிடமாவது இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். டில்லிபாபு வீட்டிலேயே கண்ணாடி முன் சிரித்துப் பழகியிருந்தார். கண்ணாடியே நம்பாத சிரிப்பைக் கதவா நம்பும்? பாஸை வைத்தார், கதவு அசையவில்லை.

"சீக்கிரம் அழுதுட்டுப் போங்க, சார். எட்டு பன்னெண்டு வண்டியை விட்டா அரைநாள் லீவு!" என்றார் பின்னால் நின்ற அம்மாள்.

"பொண்ணு நேத்து கனடா போயிட்டா, அக்கா. காலைல அவளுக்கும் சேர்த்து தோசை ஊத்திட்டேன்."

"இவ்ளோதானா? என் பையன் போய் ஆறு வருஷம். நான் இன்னும் ஊத்திக்கிட்டுதான் இருக்கேன்."

டில்லிபாபுவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. கதவு திறந்தது; ஓடினார். அடுத்து அந்த அம்மாள் பாஸை வைத்தார். கதவு திறக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. டில்லிபாபு திரும்பி நடந்தார்.

"அக்கா, பையன் பேரு என்ன?"