கோட்டை ஓட்டலில் இடம்

பிளாக்பள்ளிப் பேட்டையில் எங்கள் வீட்டு ஒற்றை ஜன்னல் வெயில், அம்மாவின் மடியில் கிடக்கும் துரை வீட்டுக் குழந்தையின் கம்பளிக் கோட்டில் விழுகிறது. அம்மா பித்தான் தைக்கிறாள். அடுத்த வாரம் கப்பல். ஆயாவான அம்மாவையும் சீமைக்குக் கூட்டிப்போவதாகத் துரைசானி சொல்லியிருக்கிறாள். அங்கே தங்கப்போகும் பழைய கோட்டை ஓட்டலிலிருந்து வந்த கடிதத்தை, பி.ஏ. படித்த உன் மகளிடம் படிக்கச் சொல் என்று இன்று கொடுத்தனுப்பியிருக்கிறாள். வாயால் சொல்லத் துணிவில்லாதவள். "என்னடி, கோட்டையில ராஜா இருக்காராமா?" என்று அம்மா சிரிக்கிறாள். காகிதத்தின் தலையில் கொடி பறக்கும் கோபுரம். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் வாங்கியவள் படித்துச் சொல்ல வேண்டியது இதுதானா? "துரைக்கு மூணு ரூமாம். கறுப்பு ஆயாவுக்கு இடமில்லையாம். அவங்க நாய்க்கு மட்டும் லாயத்துல இடம் உண்டாம். நீ போகாதம்மா." ஊசி நிற்கிறது. தெருவில் ஒரு ஜட்கா வண்டி மணியடித்துப் போகிறது. அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிறாள். "நான் தட்டிக் குடுக்காம பாபா தூங்கமாட்டான்டி. நாய்க்கு இடம் இருக்குல்ல? அதைப் பாத்துக்க ஆயாவும் லாயத்துல படுத்துப்பான்னு இங்கிலீசுல எழுதிக் குடு."