இன்றைய முதலாளி

குடும்பம், கம்பெனி, வங்கி என்று கைமாறி வந்த ரொறொன்ரோவின் பழைய நாளிதழ், இப்போது தினமும் ஒரு வாசகருக்குச் சொந்தம். அன்று பனி அள்ளும் வண்டி ஓட்டும் தயாபரனின் முறை. பழைய முதலாளிமாரைப் போலவே, பிடிக்காத செய்தி ஒன்றை அவரும் நீக்கலாம்.

மத்தியானம், அச்சுக்குப் போகுமுன் பார்வைக்காகக் கைபேசிக்கு வந்த ஏழாம் பக்கத்தில் அவர் பெயரே இருந்தது. வண்டியால் ஒரு வீட்டுத் தபால்பெட்டியை இடித்துச் சாய்த்துவிட்டாராம்.

"எடுக்கச் சொல்லுங்கோப்பா, சனம் சிரிக்கும்," என்றாள் மனைவி சுகிர்தா.

தயாபரன் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்து, ஆசிரியர் துஷ்யந்தியை அழைத்தார். "பிள்ளை, அந்தத் தபால்பெட்டிச் செய்தி..."

"எடுத்துவிடவோ அண்ணை?"

"சீச்சீ! என்ரை பேப்பரிலை பிழை வரக்கூடாது. நான் இடிச்சது ஒரு பெட்டி இல்லை, ரெண்டு."