ஒரு பாடம் பாக்கி

ஸுல்மா ஆறு முட்டைகளையும் ஒரு மாவுப் பொட்டலத்தையும் காபிக்கடை மேசை மேல் எடுத்து வைத்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் சட்டக் கல்லூரியின் படிக்கட்டு டிசம்பர் வெயிலில் கிடந்தது.

"தேர்வு நடத்தப் போற அந்தாளு தலையில உடைக்கவா?" என்றாள் மிர்த்தா.

"உன் தலையில. பாஸாகி வெளிய வந்தா அடிக்க ஆள் வேணாமா? உன் பையனும் வரலன்னுட்டான்."

அந்த ஊர் வழக்கப்படி, கடைசித் தேர்வை முடித்து வருகிறவர்களைச் சொந்தக்காரர்கள் வாசலிலேயே முட்டையாலும் மாவாலும் குளிப்பாட்டி விடுவார்கள். அன்று காலையே இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். அவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். மிர்த்தாவுக்கு ஐம்பத்திரண்டு.

"நான் போகல ஸுல்மா. பட்டத்த வாங்கி என்ன பண்ணப் போறேன்? நாளைக்கும் அதே மருந்துக்கடையில நின்னு அதே இருமல் மருந்துதான் விக்கப் போறேன்."

ஸுல்மா முட்டைகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். காபியில் ஆடை படிந்தது.

"அன்னைக்கு என்ன சொன்னான்? திரும்பச் சொல்லு."

சொல்லத் தேவையில்லை. இருபத்தேழு வருடங்களுக்கு முன் எட்டு மாத வயிற்றோடு இதே குடும்பச் சட்டப் பாடத்தின் வாய்மொழித் தேர்வுக்கு, இதே பேராசிரியர் டாக்டர் லாஸ்கானோவின் முன்னால் மிர்த்தா உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவளுடைய மதிப்பெண் புத்தகத்தை மூடி நீட்டினார். "குழந்தைக்குப் பால் போதும், சட்டம் வேணாம். வீட்டுக்குப் போம்மா." அந்த ஒரு பாடம்தான் இன்னும் பாக்கி.

"அதே புத்தகத்துல அவன் கையெழுத்துப் போடணும்," என்றாள் மிர்த்தா. "அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது."

ஸுல்மாவின் கோபம் புதியது. லாஸ்கானோவின் சட்ட நூல்களை முப்பது வருடங்களாகத் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள். மார்ச் மாதம் ஒரே நாளில் வெளியே போகச் சொல்லிவிட்டார். இப்போது அவள் இடத்தில் இருபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி. தூக்க மாத்திரை வாங்கப் போன கடையில் மிர்த்தாவின் கதையைக் கேட்டாள் ஸுல்மா. அன்றிலிருந்து எட்டு மாதம், ஒரு ஞாயிறு தவறாமல், பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

லாஸ்கானோ சாலையைக் கடந்து படியேறுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

"சாம்பல் கலர் சட்ட போட்டிருக்கான்," என்றாள் ஸுல்மா. "இடது கைப் பொத்தான் தொங்குது. யாரும் கவனிக்கல போல." பிறகு மிர்த்தாவின் பக்கம் திரும்பினாள். "முதல் தலைப்பு உன் இஷ்டம், அதுதான் விதி. நாம பேசி வச்சத எடு. பாதியில நிறுத்திட்டு வாயத் தொறக்காத. மத்தவங்க சும்மா இருந்தா அந்தாளால தாங்க முடியாது. தானே பேச ஆரம்பிச்சிடுவான்."

மிர்த்தா எழுந்து போனாள்.

தேர்வு அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் லாஸ்கானோ. அவருக்கு அவளை நினைவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

"தலைப்பு என்னம்மா?"

"விவாகரத்துக்கு முன்னாடி புருஷன் மறைக்கிற சொத்து, டாக்டர்."

பத்து நிமிடம் தடுமாறாமல் பேசினாள். கடைசியில், "வீட்ட வேற ஒருத்தர் பேருக்கு மாத்திட்டான். பத்திரத்துல ஒரு குத்தமும் இல்ல. அந்த நிலமையில மனைவி..." என்று சொல்லி நிறுத்தினாள்.

தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளைய தேர்வாளர் பேனாவை உருட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பேருந்து நின்று, புறப்பட்டுப் போயிற்று.

"பத்திரத்தப் பாத்து பயந்துட்டீங்க," என்றார் லாஸ்கானோ. "பத்திரம் வெறும் காகிதம்மா. சாவி யார்கிட்ட இருக்கு? ஞாயித்துக்கிழம அங்க யாரு கறி சுடுறா? முற்றத்துல யாரு நாய் குரைக்குது? வீடு உண்மையில புருஷனோடதுதான்னு சொல்ல பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரச் சாட்சிக்குக் கூப்பிட்டாப் போதும். அதுக்கும் முன்னாடி, முதல் நாளே தடையுத்தரவு கேக்கணும். வித்துட்டானா அப்புறம் துரத்திட்டு அலையணும்."

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்லியே, டாக்டர்."

"எழுத மாட்டேன். எழுதினா புருஷனுங்க உஷாராயிடுவானுங்க."

மற்ற இருவரும் சிரித்தார்கள். மிர்த்தா ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டாள். ஐம்பது தாண்டிய ஒரு மாணவி தன் பேச்சைக் குறிப்பெடுப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த இரண்டு கேள்விகளுக்கு அவள் எங்கும் நிறுத்தவில்லை.

"பத்துக்கு ஒன்பது," என்று சொல்லி, ஓரம் பழுத்துப்போன மதிப்பெண் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். மிர்த்தா மை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருடங்களாக எதிர்பார்த்த நிறைவு வரவில்லை.

லாஸ்கானோ பேனாவை மூடினார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ஊர் வக்கீலுங்க முக்காவாசிப் பேரு என்கிட்டப் படிச்சவங்க. அவங்களுக்கே கேஸ் இல்ல. ஐம்பது வயசுக்கு மேல இதப் படிச்சு என்ன பிரயோஜனம்? உங்களத் தேடி யாரு வருவா?"

"ஒருத்தங்க வந்துட்டாங்க, டாக்டர். உங்க மாணவங்க யாருமே அவங்க கேஸத் தொட மாட்டேன்னுட்டாங்களாம். எதிர்க் காபிக்கடையில எனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

"அப்படியா? யாரு அந்தம்மா?"

மிர்த்தா புத்தகத்தையும் குறிப்புகளையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க சம்சாரம்."